மூன்று மலையூர்கள்

நூலைக் கற்பது ஒருவகைக் கல்வி. ஊரைக் காண்பது மற்றொருவகைக் கல்வி. முன்னதற்குக் கண்ணும் கருத்தும் போதும். பின்னதற்குக் காலும் வேண்டும். யான் 35 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இலக்கணங்களையும் அவற்றின் உரைகளையும் புலவர்களின் முன்னமர்ந்து பாடங்கேட்டு வளர்ந்தவன். எனினும், நூலிற் படித்தபோது விளங்காத செய்திகள் சில, ஒரு மலையின் படிகளில் மூச்சு வாங்க ஏறியபோது விளங்கியதுண்டு. அவ்வாறு எனக்கு ஆசிரியர்களாக வாய்த்த மூன்று ஊர்களைப் பற்றி இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாணவர்களே! நம் நாட்டில் ஊர் காணப் புறப்படுவோர் பெரும்பாலும் மதுரை, தஞ்சை, மாமல்லபுரம் முதலிய பெயர்பெற்ற ஊர்களையே நாடுகின்றனர். அவை காணத்தக்கவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அவ்வூர்களுக்குச் செல்லும் வழிகளில் எத்தனையோ சிற்றூர்கள் இருக்கின்றன. பேருந்தில் அரைத்துயிலில் செல்லும் பயணியின் கண்ணுக்கு, சாலையோரத்தில் ஒரு பாறைக்குன்றும் அதன்மேல் ஒரு மதிலும் கணப்பொழுது தோன்றி மறையும். "இஃது என்ன ஊர்?" என்று அவர் வினவுவதற்குள் வண்டி அடுத்த ஊரை எட்டியிருக்கும். அவ்வாறு கடந்து செல்லப்படும் ஊர்களுள் செஞ்சி, திருமயம், கழுகுமலை என்னும் மூன்றும் சிறந்தவை. ஒவ்வொன்றும் ஒரு குன்றின் நிழலில் அமைந்தது. ஒவ்வொன்றையும் ஒரு பகற்பொழுதிற் கண்டு திரும்பலாம். உடலுக்கு நல்ல உழைப்பும், கண்ணுக்கு அகன்ற காட்சியும், உள்ளத்துக்குப் பழைய வரலாறும் ஒருங்கே கிடைக்கும் இடங்கள் அவை.

இம்மூன்று ஊர்களோடும் என் வாழ்க்கையில் நேர்ந்த பிழை ஒன்றும் பிணைந்திருக்கிறது. அதனை மறைத்துவிட்டு ஊர்ப்பெருமையை மட்டும் எழுதினால் இக்கட்டுரை அரைகுறையாகும். ஆதலின், அதனையும் உரிய இடத்திற் கூறுவேன்.

செஞ்சி

எங்கள் ஊர் திருவண்ணாமலையை அடுத்த ஒரு சிற்றூர். 1974ஆம் ஆண்டில் யான் எட்டாம் வகுப்பிற் பயின்றபோது, எங்கள் ஆசிரியர் எங்களைச் செஞ்சிக்கு அழைத்துச் சென்றார். திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் இருக்கிறது அவ்வூர். ஊரை நெருங்குமுன்பே, பெரும்பாறைகளைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டிக் குவித்தாற்போன்ற குன்றுகள் தோன்றத் தொடங்கும். இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளை மதிலால் இணைத்து ஒரே கோட்டையாக ஆக்கியிருக்கின்றனர் முன்னோர். அம்மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பர்.

மூன்றனுள் உயர்ந்தது இராஜகிரி. அதன் உயரம் ஏறத்தாழ 800 அடி. அடிவாரத்தில் நெற்களஞ்சியங்கள் உள்ளன. அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பிய முடியோடு நிற்கும் கல்யாண மகால் உள்ளது. அம்மாளிகைக்குச் சுடுமண் குழாய்களின் வழியே தண்ணீர் கொண்டுவந்திருக்கின்றனர். மலையேறுவோர் ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாயில்களைக் கடக்க வேண்டும். குரங்குகள் படியோரத்தில் அமர்ந்து, வருவோர் கையில் இருப்பது யாது என்று ஆராயும். எங்களுள் ஒருவன் கட்டுச்சோற்றை இழந்தது அங்கேதான்.

உச்சியை அடையும் தறுவாயில் ஒரு பெரும்பிளவு குறுக்கிடுகிறது. உச்சிப்பாறை, மலையின் ஏனைய பகுதியினின்றும் பிரிந்து தனித்து நிற்கிறது. பிளவின்மேல் ஒரு சிறு பாலம். அதனை நீக்கிவிட்டால், அப்புறம் நிற்கும் சில வீரரே ஒரு பெரும்படையைத் தடுத்துவிடலாம். முகலாயப் படை செஞ்சியை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது என்னும் செய்தி எங்கள் வரலாற்றுப் பாடத்தில் ஒரே வரியாக இருந்தது. ஒரு கோட்டையைப் பிடிக்க எட்டு ஆண்டுகளா என்று யான் வியந்ததுண்டு. அப்பாலத்தின் நடுவே நின்று கீழே நோக்கியபோது, அவ்வியப்புக்குரிய விடையில் ஒரு பகுதி எனக்குக் கிடைத்தது.

எங்கள் ஆசிரியர் மலையுச்சியில் எங்களை வட்டமாக அமர்த்தி, அக்கோட்டையின் கதையைக் கூறினார். நாயக்கர் ஆண்டது, பின்னர்ப் பீசப்பூர்ச் சுல்தானின் படை கைப்பற்றியது, 1677இல் சிவாஜி வென்றது, அவர் மகன் இராஜாராம் இக்கோட்டையைப் புகலிடமாகக் கொண்டு முற்றுகையைத் தாங்கியது, 1714இல் இளைஞனாகிய தேசிங்கு, ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறுபடையோடு எதிர்த்து மாண்டது, 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கைக்கொண்டது என எல்லாவற்றையும் அவர் சொல்லி முடிக்கும்போது, எங்கள் முகத்தில் மோதிய காற்றும் அக்கதையின் ஒரு பகுதிபோலத் தோன்றியது. தேசிங்கின் கதை எங்கள் ஊர்ப்புறங்களிற் பாட்டாக வழங்குவது. பாட்டிற் கேட்ட அரசன் நடந்த கல்லின்மேல் யானும் நடக்கிறேன் என்னும் எண்ணம், 13 வயதுச் சிறுவனை என்ன பாடு படுத்தும் என்று நீங்களே அறிவீர்கள்.

அவ்வெண்ணமே என்னைப் பிழையிலும் செலுத்தியது. ஆசிரியர் இறங்குமாறு பணித்தபின், யான் மட்டும் சற்றே பின்தங்கினேன். அங்கே ஒரு மண்டபத்தின் சுதைப்பூச்சு வெண்மையாகவும் வழவழப்பாகவும் இருந்தது. பாதையிற் கிடந்த இரும்பாணி ஒன்றை எடுத்து, என் பெயரையும் வகுப்பையும் ஆண்டையும் அதில் ஆழக் கீறினேன். தேசிங்கின் கோட்டையில் என் பெயரும் இருக்கிறது என்னும் செருக்கோடு படியிறங்கி ஓடினேன். ஒருவரும் பார்க்கவில்லை. இளமையிற் கற்றது கல்லில் எழுதியதுபோல் நிலைக்கும் என்று பெரியோர் சொல்வர். இளமையிற் செய்த பிழையும் அவ்வாறே நிலைக்கும் என்பதனை யான் அன்று அறியேன்.

திருமயம்

புலவர் படிப்பை முடித்துப் பணியிற் சேர்ந்த யான், 1986ஆம் ஆண்டில் திருமயத்தை அடுத்த ஒரு பள்ளிக்கு மாற்றப்பெற்றேன். புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. பேரூர் ஒன்றில் வேலை கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அம்மாற்றம் மகிழ்ச்சி தரவில்லை. பள்ளிக்குச் செல்வதும், அறைக்குத் திரும்புவதும், ஊரைக் குறைகூறுவதுமாக ஒரு திங்கள் கழிந்தது.

ஒருநாள் மாலை தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னை நோக்கி, "தம்பி, பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிற புது வாத்தியார் நீங்கள்தாமா? மலை ஏறினீர்களா?" என்றார்.

"இன்னும் இல்லை, ஐயா" என்றேன்.

"அப்படியானால் நீங்கள் இன்னும் இந்த ஊருக்கு வரவேயில்லை" என்று சொல்லிவிட்டுத் தம் தேநீரைப் பருகலானார்.

மறுநாள் விடியற்காலையில் மலை ஏறினேன். அதன்பின் அவ்வூரில் இருந்த காலமெல்லாம், மழைநாள் நீங்கலாக, அஃது என் காலைக் கடனாயிற்று. திருமயத்து மலை செஞ்சி மலைபோல உயர்ந்ததன்று. மெல்ல நடப்போரும் சிறிது நேரத்தில் உச்சியை அடையலாம். 1687ஆம் ஆண்டில் சேதுநாட்டு மன்னராகிய கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை அது. முன்னர் ஏழு சுற்று மதில்கள் இருந்தன என்பர். இன்று அவற்றுட் சிலவே எஞ்சியுள்ளன. உச்சியில் ஒரு பீரங்கி இருக்கிறது. அதனருகே நின்று நோக்கினால், கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கண்மாய்களும் வயல்களும் பொட்டற்காடுகளும் விரிந்து கிடக்கும். காலையிளங்கதிர் படும்போது ஒவ்வொரு கண்மாயும் ஒரு கண்ணாடிபோல் மின்னும். மலையின் இடையே, பாறையைக் குடைந்து சிவலிங்கம் அமைத்த குகை ஒன்றும் உண்டு.

மலையின் தென்புறத்தில், ஒரே பாறையின் சரிவில், சிவபெருமானுக்கும் திருமாலுக்கும் அருகருகே இரண்டு குடைவரைக் கோயில்கள் உள்ளன. திருமால் குகையில், பாம்பணையிற் பள்ளிகொண்ட பெருவடிவம் பாறையிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பின்சுவரில், தீங்கு செய்ய வந்த அசுரர் பாம்பின் வாயினின்றும் எழும் தீக்கு அஞ்சி ஓடும் காட்சியைக் காணலாம். சிவன் கோயிற் சுவரில் இசையைப் பற்றிய பழைய கல்வெட்டின் சில பகுதிகள் எஞ்சியிருக்கின்றன. விடுதலைப் போராட்ட வீரரும் சிறந்த சொற்பொழிவாளருமாகிய சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊரும் இதுவே. அவ்வூர்ப் பெருமாளின் திருப்பெயரும் அதுவே.

இவ்விரு கோயிலாருக்கும் இடையே முற்காலத்தில் வழக்கு ஒன்று மூண்டது. வருவாயைப் பங்கிடுவதில் எழுந்த அப்பிணக்கு, 13ஆம் நூற்றாண்டில், போசளத் தண்டநாயகர் ஒருவரின் முன்னிலையில் தீர்க்கப்பட்டது. அத்தீர்ப்பைக் கல்லில் வெட்டி வைத்தனர். அதனை அறிந்த அன்று, சுவரருகே நெடுநேரம் நின்றேன். சண்டை வந்தது இயல்பு, எங்கும் வருவது. ஆனால், தீர்வு எட்டியபின் அதனை மறவாமல் இருக்கவேண்டும், பின்வருவோர் மீண்டும் பூசலிடாதிருக்கவேண்டும் என்று கருதி அவர்கள் கல்லைத் தேடினார்கள். கல்லில் எழுதுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று அச்சுவர் எனக்குக் கற்பித்தது. அப்போது செஞ்சி மண்டபம் நினைவுக்கு வந்தது. அந்நினைவை அங்கேயே விட்டுவிட்டு மலையிறங்கினேன்.

திருமெய்யம் என்பதே அவ்வூரின் பழைய பெயர். மெய் என்னும் சொல் அமைந்த அப்பெயரே நாளடைவில் திருமயம் என மருவிற்று. இதனை நினைவிற் கொள்ளுங்கள்.

கழுகுமலை

1998ஆம் ஆண்டில் யான் திருநெல்வேலிப் பக்கத்தில் பணியாற்றினேன். மாணவர் 40 பேரை அழைத்துக்கொண்டு கழுகுமலைக்குச் சென்றோம். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில், கரிசல் நிலத்தின் நடுவே தனித்தெழுந்த பாறைக்குன்றம் அது. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தியாகிய முருகப்பெருமானின் கோயில் இருக்கிறது. அப்பெருமான்மீது அண்ணாமலை ரெட்டியார் 19ஆம் நூற்றாண்டிற் பாடிய காவடிச்சிந்து தமிழ்நாடெங்கும் புகழ்பெற்றது.

மலையின்மேல் ஏறிச் சற்றே நடந்தால் வெட்டுவான் கோயிலை அடையலாம். கோயில் கட்டுவோர் அடித்தளத்திலிருந்து தொடங்கி மேலே செல்வர். இங்கோ, சிற்பிகள் மேலிருந்து தொடங்கிக் கீழே சென்றிருக்கின்றனர். பாறையை மூன்று புறமும் அகழ்ந்து, நடுவில் நின்ற பெருங்கல்லை உச்சியிலிருந்து செதுக்கிக்கொண்டே இறங்கி ஒரே கல்லாலாகிய கோயிலை ஆக்கினர். 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் நிகழ்ந்த வேலை இது. கலசத்தைத் தாங்கும் முடியும், அதனைச் சூழ்ந்த சிற்பங்களும் நிறைவெய்தியிருக்கின்றன; அடிப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கிறது. வேலை இடையில் நின்றுவிட்டது. தட்சிணாமூர்த்தி மத்தளம் முழக்கும் வடிவிலும், உமையும் சிவனும் உரையாடும் வடிவிலும், குறும்பு செய்யும் பூதகணங்களின் வடிவிலும் கல் கனிந்திருக்கிறது. எங்கள் மாணவர் அப்பூதங்களைக் கண்டு, "இவன் நம் வகுப்பில் இருக்கிறானே!" என்று ஒருவரையொருவர் சுட்டிக்காட்டி நகைத்தனர்.

அங்கிருந்து சிறிது தொலைவில், பாறையின் நெடிய சரிவில், சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்தில் சிறு சிறு கல்வெட்டுகள் உண்டு. ஏறத்தாழ நூறு கல்வெட்டுகள். அவை பெரும்பாலும் அவ்வுருவங்களைச் செய்வித்தவர் பெயர்களே. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்தது என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. குரத்தியர் எனப்பட்ட பெண் துறவியரின் பெயர்களும் அவற்றுள் உண்டு. பேரரசரின் பட்டங்களும் வெற்றிகளும் நிறைந்த கல்வெட்டுகளையே பாடநூல்களிற் படித்திருந்த மாணவருக்கு, எளிய மக்களின் பெயர்களைக் கல்லிற் காண்பது வியப்பாயிருந்தது.

யான் ஒரு கல்வெட்டைச் சுட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஏதோ உரசும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மாணவன் ஒருவன் கூரிய கல்லைக் கையிற் பற்றி, பாறையில் முதல் எழுத்தைக் கீறத் தொடங்கியிருந்தான். என்னைக் கண்டதும் கல்லைக் கீழே போட்டான்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை. அருகில் அழைத்து, "தம்பி, இங்கே பெயர் எழுதியவர்கள் முதலில் ஒன்றைச் செய்தார்கள், செய்தபின் அதனடியில் பெயரை எழுதினார்கள். நீ என்ன செய்துவிட்டு எழுதுகிறாய்?" என்று கேட்டேன்.

அவன் தலைகுனிந்து நின்றான். பின்னர் மெல்ல நிமிர்ந்து, "ஐயா, நீங்கள் சிறுவயதில் எங்கேயும் பெயர் எழுதியதில்லையா?" என்றான்.

அக்கேள்வியில் குத்தல் இல்லை. அறியவேண்டும் என்னும் ஆவலே இருந்தது. நாற்பது முகங்கள் என்னை நோக்கின.

"இல்லை" என்றேன்.

மெய் என்னும் பெயர் பூண்ட ஊரிற் பல ஆண்டு வாழ்ந்தவன், கழுகுமலையில் நின்று, ஒரு சிறுவனின் முகத்துக்கு நேரே பொய்யுரைத்தேன். அவன் என் சொல்லை நம்பினான். கீறிய எழுத்தைத் தன் உள்ளங்கையால் துடைத்துப் பார்த்தான், அது போகவில்லை. "இனி எழுதமாட்டேன், ஐயா" என்றான். நற்பயன் விளைந்தது என்று என் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால், அச்சமாதானம் நெடுநாள் நிற்கவில்லை. அவன் தன் தவற்றை நாற்பது பேர் நடுவில் ஏற்றுக்கொண்டான். அவனினும் மூத்தவனாகிய என்னால் அஃது இயலாமற் போயிற்று.

மீண்டும் செஞ்சி

2019ஆம் ஆண்டில் ஓய்வு பெற்று ஊர் திரும்பினேன். 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில், செய்தித்தாளில் ஒரு மகிழ்ச்சியான செய்தி வந்தது. மராட்டியரின் போர்க்காப்பு இடங்களாக விளங்கிய 12 கோட்டைகளை யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அவற்றுள் 11 மராட்டிய மாநிலத்தில் உள்ளவை. எஞ்சிய ஒன்று நம் செஞ்சி. அண்டை வீட்டார் அதனை உரக்கப் படித்து மகிழ்ந்தனர். எனக்கோ அன்றிரவு உறக்கம் வரவில்லை. உலகுக்கெல்லாம் உரிய உடைமையென்று போற்றப்படும் ஒன்றில், ஆணியால் கீறிய என் பெயரும் இருக்கிறதே என்னும் எண்ணமே நெஞ்சை உறுத்தியது.

அவ்வாண்டு கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒருநாள், செஞ்சிக்குச் சென்றேன். 13 வயதில் ஓடி ஏறிய படிகளை 64 வயதில் அமர்ந்து அமர்ந்து ஏறினேன். கீழே வாங்கிய மோரும் வெள்ளரிப்பிஞ்சும் துணை நின்றன. மழையால் மலையெங்கும் பசுமை போர்த்திருந்தது. பாறை இடுக்குகளிலிருந்து நீர் கசிந்து வழிந்தது. பிளவின் மேலுள்ள பாலத்தைக் கடந்து, அம்மண்டபத்தைத் தேடிக் கண்டேன்.

என் பெயர் அங்கே இருந்தது. முதலெழுத்து உதிர்ந்துவிட்டது, ஆண்டு தெளிவாகத் தெரிந்தது. ஆனால், அது தனியாக இல்லை. அதனைச் சுற்றிலும், மேலும் கீழும், ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணற்ற பெயர்கள். சுவரின் வெண்மை எங்கே என்று தேடவேண்டியிருந்தது. அன்று யான் கண்டபோது அச்சுவரில் ஒரு கீறலும் இல்லை. முதற்கீறலைக் கண்டவர்க்கு இரண்டாவதைக் கீற அச்சம் வந்திராது. இரண்டைக் கண்டவர்க்கு மூன்றாவது எளிதாயிருந்திருக்கும். இத்தனை பேருக்கும் வழிகாட்டியவன் யானே என்று அச்சுவர் கூறுவதுபோல இருந்தது.

கைக்குட்டையை நீரில் நனைத்து என் பெயரைத் தேய்க்கத் தொடங்கினேன். "ஐயா, சுவரைத் தொடாதீர்கள்!" என்று ஒரு குரல் எழுந்தது. அங்கிருந்த காவலர் விரைந்து வந்தார்.

"இஃது என் பெயர்தான், சிறுவயதில் எழுதியது. அழிக்கப் பார்க்கிறேன்" என்றேன்.

அவர் என்னையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுதினவரே அழித்தாலும் தேய்வது சுவர்தானே, ஐயா? அதற்கென்று பயின்றவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் அமருங்கள், களைத்திருக்கிறீர்கள்" என்றார். அவர் என்னைக் கடிந்திருந்தால் ஒருவேளை எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மாணவர்களே! இம்மூன்று ஊர்களுக்கும் நீங்கள் அவசியம் செல்லுங்கள். பெற்றோருடன் செல்லுங்கள், ஆசிரியருடன் செல்லுங்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே மலையேறுங்கள். தண்ணீரும் தொப்பியும் கொண்டு செல்லுங்கள். மழைக்குப்பின் பாறை வழுக்கும். படி இல்லாத இடத்தில் ஏறித் துணிவைக் காட்டாதீர்கள். குரங்குகளுக்கு உணவு கொடுத்துப் பழக்காதீர்கள். கொண்டுசென்ற காகிதத்தையும் பையையும் திரும்பக் கொண்டுவாருங்கள். உச்சியில் உடனே திரும்பிவிடாமல் சிறிது நேரம் பேசாமல் அமர்ந்திருங்கள். காற்றின் ஓசையும் பருந்தின் வட்டமும் உங்களுக்குக் கிடைக்கும்.

ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். எழுதவேண்டும் என்னும் ஆவல் எழுவது இயல்பு, அதனை அடக்கவேண்டுவதில்லை. கோட்டையின் வாயில்களை எண்ணி எழுதுங்கள். சிற்பத்தைப் பார்த்து வரையுங்கள். உங்கள் பெயரையும் நாளையும் அக்குறிப்பேட்டில் எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். சுவரில் எழுதுவது குற்றம். நடுவணரசின் 1958ஆம் ஆண்டுத் தொல்பொருட் சின்னச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், காக்கப்பெறும் சின்னங்களைச் சிதைப்போர்க்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க இடந்தருகின்றன. ஆனால், சட்டத்துக்கு அஞ்சி நீங்கள் விலகவேண்டும் என்பதன்று என் விருப்பம். செஞ்சி மதிலுக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். வெட்டுவான் கோயிலைச் செதுக்கிய உளியாளரின் பெயர்களையும் நாம் அறியோம். அத்துணைப் பெரிய வேலையைச் செய்தவர்களே பெயர் எழுதாமற் சென்ற இடத்தில், பார்க்க வந்த நாம் எழுதுவது முறையா என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.

கழுகுமலையில் என்னை வினவிய மாணவனைக் கண்டு உண்மையைச் சொல்லவேண்டும் என்று பலரிடம் கேட்டுப் பார்த்தேன். அவன் இருக்குமிடம் தெரியவில்லை. இன்று அவனுக்கு ஏறத்தாழ 40 வயது இருக்கும். அவனுக்குப் பிள்ளைகள் இருக்கலாம். அப்பிள்ளை இதனைப் படிக்கும் உங்களுள் ஒருவராகவும் இருக்கலாம். உங்கள் தந்தையார் சிறுவயதில் கழுகுமலைக்குச் சென்றபோது ஒரு தமிழாசிரியரிடம் ஒரு கேள்வி கேட்டதாக எப்போதேனும் கூறியிருந்தால், இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் அவரிடம் சொல்லுங்கள்: அவ்வாசிரியர் எழுதியதுண்டு, செஞ்சியில், 1974இல்.